செவி நோன்பு

காவிரிக் கடைமடையில் ஒரு சிறிய லுத்தரன் கோயில். மாசி மாதத்துப் புதன்கிழமை, பொழுது சாய்ந்து ஏழு மணி. சம்பா அறுத்த வயல்களில் உளுந்து காய் பிடித்து நிற்கிறது. உள்ளே இருபது பேர் இருப்பார்கள். பெண்கள் பாயில், ஆண்கள் பெஞ்சில். பலிபீடத்தில் ஊதாத் துணி விரித்திருக்கிறது, பூ வைக்கவில்லை. உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாடுகளின் சரித்திரத்தில் அன்றைய பங்கை வாசிக்கிறார். கெத்செமனே தோட்டம். ஒருவர் தனியே முழங்காலில் நிற்கிறார். கூட வந்தவர்கள் தூங்கிப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் வாசிப்பு நிற்கிறது. பாட்டு எண்ணை யாரும் சொல்லவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டி ஒருவர் புத்தகத்தைத் திறக்காமலே பாட்டை எடுக்கிறார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொள்கிறார்கள். மெதுவான பாட்டு. ஒவ்வொரு சொல்லும் இழுபட்டு, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டே போகிறது.

அந்த மெட்டு 1601-இல் ஜெர்மனியில் ஒரு காதல் பாட்டுக்காகப் போடப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் வளர்ந்தது இப்படிப்பட்ட ஒரு சபையில். தெருவில் இருந்த கத்தோலிக்க நண்பர்கள் வீட்டில் அதே நாட்களுக்குத் தவக்காலம் என்று பெயர். வெள்ளிக்கிழமை சுத்த போசனம். பெரியவர்கள் ஒருசந்தி இருப்பார்கள். எங்கள் வீட்டில் அதை லெந்து என்போம், சில பெரியவர்கள் தபசு காலம் என்பார்கள். இன்ன நாளில் கறி கூடாது என்ற சட்டம் எங்களுக்கு இருந்ததில்லை. லெந்தில் எதை விட்டிருக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் ஒரு புதன்கிழமை ஆராதனைக்குப் போகாமல் விட்டால் போதும், மறுநாள் காலையில் அப்பாயி கேட்பார்: "நேத்து எதுவரைக்கும் வாசிச்சாங்க தம்பி?" பதில் சொல்ல முடியாமல் நின்ற காலைகள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. பட்டினி கிடக்காததற்கு வெட்கப்பட்டதில்லை. கதையில் ஒரு பங்கைக் கேட்காமல் விட்டதற்கு வெட்கப்பட்டிருக்கிறேன்.

ஒரு லுத்தரன் சபையின் லெந்து எங்கே நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. அது இலையில் நிற்கவில்லை, செவியில் நிற்கிறது. எங்கள் வீட்டுப் பழக்கத்தை வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. வேர் 500 ஆண்டு பழையது.

கணக்கை முதலில் சொல்லிவிடலாம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை வரை 46 நாட்கள். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் அது நோன்புக் கணக்கில் சேராது. இந்தக் கணக்கு மேற்குத் திருச்சபைகள் பெரும்பாலானவற்றுக்குப் பொது. லெந்து என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது; பகல் நீளும் வசந்தத்தைக் குறித்த பழைய சொல் அது. ஜெர்மன் லுத்தரன்கள் இதே பருவத்துக்கு நோன்பின் பெயரை விட, பாடுகளின் காலம் என்று பொருள் தரும் பெயரையே அதிகம் வழங்கி வந்தார்கள். பெயர் மாறியபோதே கண் எங்கே திரும்பியது என்பது தெரிந்துவிடுகிறது.

திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் காலத்துக்கு முந்திய ஜெர்மனியில் லெந்து என்றால் முதலில் சமையலறைதான் நினைவுக்கு வரும். இறைச்சி மட்டுமல்ல, வெண்ணெயும் விலக்கு. ஒலிவ எண்ணெய் விளையாத வடநாட்டில் இது பெரும் துன்பம். ஆகவே பணம் கட்டினால் வெண்ணெய் சாப்பிட அனுமதி தரும் கடிதங்கள் ரோமிலிருந்து வந்தன. 1491-இல் சாக்சனி நாட்டுக்கு அப்படி ஒரு அனுமதி கிடைத்தது. பிரான்சில் ரூவான் நகரப் பேராலயத்தின் கோபுரம் ஒன்றுக்கு இன்றைக்கும் வெண்ணெய்க் கோபுரம் என்றே பெயர். அப்படித் திரட்டிய பணத்தில் எழுந்தது அது. 1520-இல் லூத்தர் ஜெர்மன் பிரபுக்களுக்கு எழுதிய அறைகூவலில் இந்த வெண்ணெய் விவகாரத்தைக் கடுமையாகக் கேட்டார். பொய் சொல்வதைவிட வெண்ணெய் தின்பது பெரிய பாவம் என்று எளிய மக்கள் நம்பும்படி ஆகிவிட்டதே என்பது அவருடைய ஆத்திரம். விதியை விலைக்கு விற்பவர்களே விதியால் மக்களின் மனச்சாட்சியைக் கட்டிவைத்திருந்தார்கள்.

அப்படியானால் சீர்திருத்தம் வந்ததும் நோன்பை வீசி எறிந்திருக்க வேண்டுமே. சிலர் அதைத்தான் செய்தார்கள். 1522 மார்ச் 9, லெந்தின் முதல் ஞாயிறு. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஃப்ரோஷவர் என்ற அச்சகக்காரர் வீட்டில் புகையூட்டிய தொத்திறைச்சிகள் இரண்டைத் துண்டு போட்டுக் கூடியிருந்தவர்கள் பகிர்ந்து தின்றார்கள். சீர்திருத்தப் போதகர் ஸ்விங்லி அங்கே இருந்தார். அவர் தின்னவில்லை, ஆனால் தின்றவர்களுக்காகப் பின்னர் பிரசங்கமேடையில் வாதாடினார். சூரிக்கின் சீர்திருத்தம் அந்தத் தட்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

அதே ஞாயிற்றுக்கிழமை விட்டன்பர்க்கில் லூத்தர் பிரசங்கமேடை ஏறினார். ஏறத்தாழ பத்து மாதம் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்து, மூன்று நாளைக்கு முன்புதான் ஊருக்குத் திரும்பியிருந்தார். அவர் இல்லாத இடைவெளியில் அவருடைய தோழர் கார்ல்ஸ்டாட் முதலானோர் வேகமாக மாற்றங்களைக் கொண்டுவந்திருந்தார்கள். ஊர் கொந்தளித்துக் கிடந்தது. எட்டு நாளில் எட்டுப் பிரசங்கம். உணவைப் பற்றி அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: தின்னலாம், தின்னாமலும் இருக்கலாம். கட்டாயப்படுத்துகிறவன் வந்தால் அவன் முகத்துக்கு நேரே தின்னு. மனம் பலவீனமான சகோதரன் பக்கத்தில் இருந்தால் அவனுக்காகத் தின்னாமல் இரு. நோன்பை ஒழிப்பதையும் ஒரு கட்டாயமாக்கிவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். சூரிக் தட்டை முன்வைத்தது. விட்டன்பர்க் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளை முன்வைத்தது. ஒரே நாளில் இரண்டு ஊர்களில் நடந்த இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் லுத்தரன் லெந்தின் குணம் பிடிபடுகிறது.

1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் லூத்தர் உபவாசத்தை நல்ல வெளிப்பயிற்சி என்று ஏற்கிறார். ஆனால் திருவிருந்துக்கு ஒருவனைத் தகுதியாக்குவது விசுவாசமே என்று முடிக்கிறார். 1530-இல் ஆக்ஸ்பர்க்கில் பேரரசர் முன் வைத்த விசுவாச அறிக்கையின் 26-ஆம் பிரிவும் உணவு விலக்கைப் பற்றியதே: உடலை அடக்கப் பழகுவதைக் குறை சொல்லவில்லை, அதனால் கிருபையைச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணத்தையே மறுக்கிறது. ஞானோபதேசத்தின் அந்த வரி, திடப்படுத்தலுக்குப் படித்த லுத்தரன் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது 1526-இல் லூத்தர் ஜெர்மன் மொழி ஆராதனைக்கு வகுத்த ஒழுங்கின் கடைசிப் பகுதி. லெந்தையும் குருத்தோலை ஞாயிறையும் பரிசுத்த வாரத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். ஏன் என்பதற்கு அவர் சொல்லும் காரணம்தான் முக்கியம். யாரையும் உபவாசிக்க வற்புறுத்துவதற்காக அல்ல. பாடுகளின் வரலாறும் அந்தப் பருவத்துக்குரிய சுவிசேஷ வாசிப்புகளும் காணாமல் போய்விடக் கூடாது என்பதற்காக. பீடத்தை மறைக்கும் நோன்புத் திரை வேண்டாம், குருத்தோலை வீசுவது வேண்டாம், பெரிய வெள்ளியன்று எட்டு மணி நேரம் பிரசங்கிப்பதும் வேண்டாம் என்று கழித்துக்கொண்டே வருகிறார். எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவது ஒரு கதையும் அதைக் கேட்கும் காதும்தான். எங்கள் அப்பாயிக்கு இந்த நூல் இருப்பதே தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி நேரே இங்கிருந்து வந்ததுதான்.

அந்தக் கதையைக் கேட்பதற்கென்று ஓர் ஏற்பாடும் உருவானது. லூத்தரின் தோழரும் விட்டன்பர்க் சபைப் போதகருமான புகன்ஹாகன் நான்கு சுவிசேஷங்களில் சிதறிக் கிடக்கும் பாடுகளின் விவரங்களை ஒரே தொடர்கதையாகக் கோத்தார். அதைப் பங்கு பங்காகப் பிரித்து லெந்து வாரங்களில் வாசிக்கும் வழக்கம் லுத்தரன் நாடுகளில் பரவியது. தோட்டம், பிரதான ஆசாரியன் வீடு, பிலாத்துவின் அரண்மனை, கொல்கொதா, கல்லறை. இன்று கடைமடைக் கோயிலில் உபதேசியார் வாசிக்கும் பாடுகளின் சரித்திரமும் இதே முறையில் கோத்ததுதான்.

கேட்பதற்கு முன்பு அமைதி வேண்டும். இதை லைப்சிக் நகரம் நன்றாக அறிந்திருந்தது. இசையமைப்பாளர் பாக் அங்கே இசைப் பொறுப்பில் இருந்த காலத்தில், ஞாயிறுதோறும் பாடகரும் வாத்தியக்காரரும் சேர்ந்து ஒரு கண்டாட்டா பாடுவது வழக்கம். லெந்து ஞாயிறுகளில் அது நிறுத்தப்படும். வாரக்கணக்காக ஞாயிறுகளில் அந்த இசை இல்லை. பிறகு பெரிய வெள்ளியன்று பிற்பகல் அந்த மௌனம் உடையும். 1724 ஏப்ரல் 7, நிக்கோலாய் கோயிலில் யோவான் எழுதியபடியான பாடுகளின் இசை முதன்முதலாக ஒலித்தது. முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவில் பிரசங்கம். இன்று கச்சேரி அரங்கில் கைதட்டலோடு கேட்கும் அந்த இசை, வாரக்கணக்கான பட்டினிக்குப் பின் காதுக்குக் கிடைத்த உணவு. லுத்தரன்கள் உண்மையில் எதைத் துறந்தார்கள் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஐஸ்லாந்தில் இந்தக் கேட்கும் நோன்பு ஒரு நாட்டுக்கே உரியதாகிவிட்டது. ஹால்கிரீமுர் பெட்டூர்சன் என்ற லுத்தரன் போதகர் பாடுகளைப் பற்றி 50 பாடல்கள் எழுதினார்; 1666-இல் அவை அச்சாயின. கதையில் ஒரு கட்டம், அதன் மேல் தியானம், பிறகு அடுத்த கட்டம் என்று தொடர்ந்து போகும் பாடல்கள். பின்னாளில் தொழுநோயால் துன்பப்பட்டு இறந்தவர் அவர். பனிக்கால இரவுகளில் பண்ணை வீடுகளில் ஒருவர் பாட மற்றவர்கள் கம்பளி நூற்றபடி கேட்பார்கள். 1944 முதல் அந்நாட்டு வானொலி லெந்துக் காலத்து மாலைகளில் இந்தப் பாடல்களை வாசித்து வருகிறது. கோயிலுக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் கேட்கிறார்கள். இரவுக்கு ஒரு பங்கு. அந்த ஊரிலும் ஏதோ ஒரு பாட்டி மறுநாள் காலையில், நேற்று எதுவரைக்கும் வந்தார்கள் என்று பேரனிடம் கேட்டிருப்பார்.

இனித் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும் அங்கே கரை இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக். அவர்கள் மனத்தை உருவாக்கியது ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கம். மனம் கசந்து திரும்புவதையே கிறிஸ்தவ வாழ்க்கையின் வாசலாகக் கண்ட இயக்கம் அது. சீகன்பால்கின் மரணத்தை எல்லோரும் 1719 பிப்ரவரி 23 என்று தேதியாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 9-இல் வந்தது. பின்னோக்கி 46 நாள் எண்ணிப் பாருங்கள்: சாம்பல் புதன் பிப்ரவரி 22. அதாவது, லெந்து பிறந்த மறுநாள் வியாழக்கிழமை அவர் கண் மூடினார். வயது 36. நான்கு மாதத்துக்கு முன்புதான், 1718 அக்டோபரில், புது எருசலேம் கோயிலைப் பிரதிஷ்டை செய்திருந்தார், அதற்குள்ளேயே அடக்கமானார். அந்த லெந்து முழுவதும் தமிழ் லுத்தரன் சபை தன் முதல் போதகரின் புதுக் கல்லறையை வைத்துக்கொண்டுதான் பாடுகளின் வரலாற்றைக் கேட்டிருக்கும். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மிஷனரிகள் வந்த இடம் நோன்பு அறியாத இடமில்லை. ஏகாதசி, சிவராத்திரி, சஷ்டி, ரமலான் என்று வயிற்றைக் கட்டிப் பழகிய மண். 1712 முதல் 1714 வரை சீகன்பால்கும் சக மிஷனரி குருண்ட்லரும் தமிழர்களிடம் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் கடிதங்கள் பெற்றார்கள். அவற்றின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஹாலேயில் அச்சானது. கிறிஸ்தவர்களை உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டதற்கு வந்த பதில்கள் ஒளிவுமறைவற்றவை. மாட்டைக் கொன்று தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தம் பார்ப்பதில்லை. விரதமும் ஆசாரமும் ஒரு மனிதனின் பக்தியை வெளிக்காட்டும் என்று நம்பிய ஊரில், உணவைப் பற்றி விதியே இல்லை என்று சொல்லும் ஒரு மார்க்கம் எவ்வளவு விசித்திரமாகத் தெரிந்திருக்கும்! கிருபை இலவசம் என்பதை விளங்கவைக்க அந்தப் போதகர்கள் பட்ட பாடு, சூரிக்கில் தொத்திறைச்சி தின்றவர்கள் பட்ட பாட்டைவிடப் பெரிது என்றே நினைக்கிறேன்.

அவர்கள் கையில் இருந்த கருவி பாட்டு. ஜெர்மன் மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொல் போடத் தொடங்கினார்கள். இது எளிய வேலையல்ல. ஜெர்மன் பாட்டில் அசை அழுத்தம் தாளத்தைத் தாங்குகிறது. தமிழில் தாங்குவது குறிலும் நெடிலும். கோயில் மெட்டு ஒவ்வொரு அசைக்கும் ஒரே நீளமுள்ள சுரத்தைக் கொடுத்துவிட்டால் குறில் இழுபட்டு நெடிலாகிவிடும். மனம் என்று பாட, மானம் என்று கேட்கும். விடு என்பது வீடு ஆகும். எதுகை, மோனை பழகிய காதுக்கு ஈற்றடி இயைபு மட்டும் போதாது. இந்தத் தொல்லைகளோடு மல்லுக்கட்டியவர்களில் பெரியவர் யோகான் பிலிப் பப்ரிசியுஸ். 1740-இல் வந்து, சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் ஊழியம் செய்து, 1791-இல் இங்கேயே இறந்தவர். அவருடைய வேத மொழிபெயர்ப்பை லுத்தரன் சபைகள், 1871-இல் பொது மொழிபெயர்ப்பு வந்த பின்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. முதுமையில் பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கிக் கடன்காரர் சிறையில் கிடந்தவரும் அவர்தான். அவமானம் என்றால் என்ன என்று அனுபவித்த ஒருவர் பெயரோடு நம் லெந்துப் பாட்டுகள் சேர்ந்திருக்கின்றன.

தொடக்கத்தில் சொன்ன மெட்டுக்கு வருகிறேன். ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601-இல் ஒரு பெண்ணால் மனம் கலங்கிய காதலனுக்காக அமைத்த இசை அது. பின்னர் அதில் ஜெர்மன் கோயில் பாட்டுகள் ஏறின. 1656-இல் பால் கெர்ஹார்ட், சிலுவையில் தொங்கும் உடலின் ஒவ்வோர் உறுப்பையும் நோக்கிப் பாடும் ஒரு பழைய லத்தீன் பாட்டுத் தொடரிலிருந்து, முள்முடி சூடிய தலையைப் பற்றிய பகுதியை ஜெர்மனாக்கினார். அதுவும் இந்த மெட்டில் உட்கார்ந்தது. முப்பதாண்டுப் போரின் நடுவே வளர்ந்தவர், பெற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கைப் பறிகொடுத்தவர் கெர்ஹார்ட். பாக் தம் மத்தேயு பாடுகளின் இசையில் இதே மெட்டை ஐந்து முறை திரும்பத் திரும்ப வைத்தார். மெட்டு கடல் கடந்து வந்து, தமிழ்ச் சொல் ஏற்று, கடைமடைப் பாட்டியின் தொண்டையில் இறங்கியிருக்கிறது. அங்கே அது மாறியும்விட்டது. குறிலைக் காப்பாற்ற அவர் சுரத்தின் நுனியை மட்டும் தொட்டுவிட்டு, மிச்ச நேரத்தை அடுத்த சுரத்துக்குப் போகும் சறுக்கலில் கழிக்கிறார். மனம் மனமாகவே கேட்கிறது. மொழிபெயர்த்தவர்கள் அரைகுறையாக விட்டுப்போன வேலையைப் பாடியவர்கள் முடித்துவைத்திருக்கிறார்கள்.

தமிழ் இந்தப் பருவத்துக்கு வேறெந்த மொழியும் தர முடியாத ஒன்றையும் தந்தது. துன்பத்துக்கு நம் வேதத்தில் வழங்கும் சொல் பாடு. உழைப்புக்கும் அதே சொல். வாய் திறந்து இசை எழுப்பு என்பதற்கும் அதே சொல். பாடுகளின் காலத்தில் பாடுபட்டவரைப் பாடுவது என்று எங்கள் பெரியவர்கள் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். லூத்தர் 1526-இல் ஒரு பத்தி எழுதிச் சொன்னதை இந்த ஒரு சொல் தன்னுள் வைத்திருக்கிறது.

இங்கே தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைச் சொல்லியாக வேண்டும். 1774-இல் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, 1864 வரை வாழ்ந்த கவிராயர். ஜெர்மன் மெட்டுக்குத் தமிழைப் பணியவைக்காமல், ராகமும் தாளமும் பல்லவியும் கொண்ட கீர்த்தனைகளில் சிலுவைக் கதையைப் பாடினார். இன்று லெந்து ஆராதனையில் ஜெர்மன் மெட்டில் அமைந்த ஞானப்பாட்டும் கீர்த்தனையும் மாறி மாறி வருவது அவரால் விளைந்தது. 1820-களில் வந்த புதிய மிஷனரிகள் கோயிலில் கீர்த்தனையையும் விழாக்களையும் மட்டுப்படுத்தியபோதும், பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றியபோதும் சாஸ்திரியார் எதிர்த்து நின்றார். இதில் நான் முழு மனத்தோடு அவர் பக்கம்.

ஆனால் அதே சண்டையில் இன்னொன்றும் இருந்தது. கோயிலிலும் திருவிருந்திலும் சாதிப் பிரிவை ஒழிக்க வேண்டும் என்று அந்த மிஷனரிகள் வலியுறுத்தினார்கள். சாஸ்திரியார் அதையும் எதிர்த்தார். 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் வில்சன் சாதியை அடியோடு விட வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சைச் சபைகளில் பலர் வெளியேறினார்கள். அவர்களில் கணிசமானோர், சாதி விஷயத்தில் விட்டுக்கொடுத்த லைப்சிக் மிஷனின் லுத்தரன் சபைகளில் பிறகு சேர்ந்தார்கள். தரங்கம்பாடியிலும் தொடக்கம் முதலே தனித்தனி இடங்களில்தான் சபையார் உட்கார்ந்தார்கள். விட்டன்பர்க்கில் பலவீனமான சகோதரனுக்காக விட்டுக்கொடு என்று சொன்ன பேச்சு, இங்கே பலமுள்ளவன் தன் இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்கச் சாக்காகிப் போனது. நுகத்தடியை முறிப்பதே நோன்பு என்ற ஏசாயாவின் அதிகாரம் ஆண்டுதோறும் வாசிக்கப்பட்டது. பாய்கள் அந்தந்த இடத்திலேயே கிடந்தன. காது மட்டும் நோன்பிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் சபை வரலாறே சாட்சி. லெந்தில் மனந்திரும்புதலைப் பற்றிப் பேசும் லுத்தரன் தமிழர் எவரும் இதைச் சொல்லாமல் தாண்டிப் போகக் கூடாது.

இன்றைய நிலைக்கு வந்தால், வயிறு லெந்துக்குள் மெல்லத் திரும்பி வந்திருக்கிறது. ஜெர்மனியிலேயே 1983-இல் தொடங்கிய ஓர் இயக்கம், ஏழு வாரம் ஏதேனும் ஒன்றை விட்டிருந்து பாருங்கள் என்று சீர்திருத்தச் சபையாரை ஆண்டுதோறும் அழைக்கிறது. நம் ஊரில் அழைப்பே தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆகாரத்தைத் தவிர்க்கும் பெண்கள், நாற்பது நாளும் மீன் வாங்காத வீடுகள், உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பவர்கள் என்று எல்லாச் சபையிலும் உண்டு. போதகர் சொல்லி வந்ததில்லை. மண் சொல்லி வந்தது. 2025-இல் ரமலான் நோன்பும் சாம்பல் புதனும் மார்ச் முதல் வாரத்தில் சில நாள் இடைவெளியில் தொடங்கின. தரங்கம்பாடி, பொறையாறு பக்கத்தில் ஒரே தெருவில் இரண்டு நோன்பும் நடந்தன. இதைப் பார்த்து லூத்தர் கோபப்பட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் விலை பேசவில்லை.

சாம்பல் மட்டும் இன்னும் தயங்கித்தான் நிற்கிறது. நான் அறிந்த பல லுத்தரன் சபைகளில் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் இடுவதில்லை. திருநீற்றை நீக்கிவிட்டு ஞானஸ்நானத்துக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு நெற்றிச் சாம்பல் வேறொரு பொருளைச் சொல்லும். தயக்கத்தின் காரணம் அதுவாகவே இருக்கும் என்பது என் எண்ணம். கலியாணம் வைக்காமல் இருப்பது பெரும்பாலும் இன்னும் நடக்கிறது. மாசியிலும் பங்குனியிலும் அக்கம்பக்கத்துச் சத்திரங்கள் நிறைந்து வழிய, எங்கள் வீட்டு மாப்பிள்ளைகள் ஈஸ்டர் வரை காத்திருப்பார்கள்.

பெரிய வெள்ளி அன்று லூத்தர் வேண்டாம் என்ற நீண்ட பிரசங்கம் எங்களிடம் முழு மரியாதையோடு வாழ்கிறது. பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம். இந்த மும்மணி ஆராதனை பெரு நாட்டு லீமாவில் அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குருவிடம் பிறந்து, ஐரோப்பாவுக்குப் போய், ஆங்கிலிக்கன் கோயில்களுக்குள் புகுந்து பரவிய ஒன்று. யாரிடமிருந்து வந்தது என்று எங்கள் சபையில் யாரும் கேட்டதில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைப் புடவை, விசிறிகளின் ஓசை, ஏழு பேர் ஏழு வார்த்தைக்குச் செய்தி. மூன்று மணிக்கு மணி அடிக்காது. பின் வாசலில் பெரிய தேக்சாவில் கஞ்சியும் ஒரு வாளியில் துவையலும் இருக்கும். எல்லோரும் மர நிழலில் வரிசையாக உட்கார்ந்து குடிப்பார்கள். இப்போது யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று யாரும் இடம் பார்ப்பதில்லை. என் சிறு வயதில் பார்த்தார்கள்.

எனக்குக் கவலை பாட்டைப் பற்றித்தான். அந்த மெட்டுகளைக் கீபோர்டு வாசிக்கும் இளைஞர்கள் அச்சிட்ட சுரக்குறிப்பைப் பார்த்து நேராக, விரைவாக வாசிக்கிறார்கள். தவறு சொல்ல முடியாது. அச்சில் இருப்பது அதுதான். ஆனால் மனம் மறுபடியும் மானமாகிறது. பாட்டிமார் கண்டுபிடித்த சறுக்கல் எந்தச் சுரக்குறிப்பிலும் இல்லை. அது தெரிந்தவர்கள் ஒவ்வொரு சபையிலும் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம், எல்லோரும் எழுபதைக் கடந்தவர்கள்.

போன லெந்துக்குப் பிறகு, வைகாசியில், சுவரோரப் பாட்டியின் வீட்டுத் திண்ணையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு பாட்டுப் பாடினார். திருமணப் பாட்டு, அறுப்புப் பாட்டு, ஈஸ்டர் பாட்டு எல்லாம் வந்தன. முள்முடியின் பாட்டைக் கேட்டபோது வாயை மூடிக்கொண்டார். "அது இப்பப் பாடற பாட்டு இல்ல தம்பி. பெரிய வெள்ளிக்கு வா, பாடறேன்." எவ்வளவு கெஞ்சியும் ஒரு வரிகூட வரவில்லை. கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, நாட்காட்டியில் அந்த வெள்ளிக்கிழமை எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன்.